ஆறு பேருக்கு ஆஸ்திரிய யவுஸேப் பலகை: முந்தின நாள் முதல் மேசை வரை

ஆஸ்திரியாவில் மாலை நான்கு மணியளவில், அடுப்பைத் தொடாமல், ஒரே மரப்பலகையைச் சுற்றி அமர்ந்து பகிர்ந்து உண்ணும் குளிர்ந்த சிற்றுணவுக்கு பிரெட்டில்யவுஸே என்று பெயர். பிரெட்டில் என்பது சிறு பலகை. யவுஸே என்பது இடைவேளைச் சாப்பாடு. நான் வசிக்கும் கிராட்ஸ் நகரிலும் அதைச் சுற்றியுள்ள ஷ்டையர்மார்க் மாநிலத்திலும் செய்யப்படும் முறையையே இங்கே எழுதுகிறேன். திரோல், கெர்ன்டன் மாநிலங்களில் பலகையில் ஏறும் பொருள்கள் சற்று மாறும்; வேலையின் வரிசை மாறாது.

சமைக்க வேண்டியது குறைவு என்பதால் இதை எளிய வேலை என்று எண்ணிக் கடைசி ஒரு மணி நேரத்தில் தொடங்குவோரே மிகுதி. பலகை கெடுவது அங்கேதான். முந்தின நாளே முடித்துவிட வேண்டிய வேலைகளும் கடைசிப் பத்து நிமிடம் வரை தொடவே கூடாத வேலைகளும் இதில் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இந்த வழிகாட்டியின் நோக்கம். ஞாயிறு மாலை 4 மணிக்கு ஆறு பேர் வருவதாக வைத்துக்கொண்டு அளவுகளையும் நேரங்களையும் தந்திருக்கிறேன்.

1. வருபவர்களைக் கேட்டறிதல்

பலகையின் பெரும்பகுதி பன்றி இறைச்சி. ஆகவே அழைக்கும்போதே யார் எதைச் சாப்பிடுவார்கள் என்று கேட்டுவிட வேண்டும். சைவ உணவினர் ஒருவர் இருந்தாலும் அவருக்குத் தனிப் பலகையும் தனிக் கத்தியும் வேண்டும். அதே பலகையின் ஒரு மூலையை ஒதுக்கினால் போதும் என்று எண்ணக் கூடாது. அறை வெப்பத்தில் உப்பிட்ட கொழுப்பு இளகிப் பக்கத்துப் பாலாடைக்கட்டியில் ஒட்டும்.

பாலாடைக்கட்டியைப் பற்றியும் ஒரு சொல். பெர்க்கேஸே போன்ற மலைப் பாலாடைக்கட்டிகள் மரபாகக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் ரென்னெட்டைக் கொண்டு உறையவைக்கப்படுகின்றன. இதில் கண்டிப்பாக இருக்கும் விருந்தினருக்குச் சிப்பத்தின் குறிப்பைப் படித்து, நுண்ணுயிர் ரென்னெட் சேர்த்ததை வாங்க வேண்டும். கருவுற்றிருக்கும் பெண்கள் வருவதாக இருந்தால், வேகவைக்காத உப்பிறைச்சியும் காய்ச்சாத பாலில் செய்த கட்டியும் அவர்களுக்கு ஆகாது. ஆறவைத்த வறுவல், முட்டை, அவரைச் சாலட் ஆகியவற்றை அவர்கள் பக்கம் கூடுதலாக வைக்கலாம்.

2. வாங்கும் நாளும் அளவும்

ஆஸ்திரியாவில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையும் மாலை 6 மணியோடு முடிந்துவிடும். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் ஞாயிறு காலை பை எடுத்துக்கொண்டு கிளம்பி, ரயில் நிலையக் கடையில் நெகிழியில் அடைத்த மெல்லிய துண்டுகளோடு திரும்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வெள்ளி இரவே ஊறவைக்க வேண்டிய உலர்ந்த அவரையை அதற்கு முன்பும், மற்ற எல்லாவற்றையும் சனிக்கிழமை முற்பகலிலேயும் வாங்கிவிட வேண்டும். கிராட்ஸில் கைஸர் யோசஃப் சதுக்கத்திலும் லெண்ட் சதுக்கத்திலும் கூடும் உழவர் சந்தைகளில் ஏறக்குறைய எல்லாமே கிடைக்கும்.

ஆறு பேருக்கு நான் வாங்கும் அளவு இது. எலும்பும் தோலும் இல்லாத பன்றிக் கழுத்துப் பகுதி 1.2 கிலோ, கடையில் அதற்கு ஷோப்ஃப் என்று பெயர். புகையில் வாட்டி வேகவைத்த கெஸெல்ஹ்டஸ் இறைச்சி 150 கிராம், ஷ்பெக் எனும் புகையூட்டிய உப்பிறைச்சி 150 கிராம், உலர்ந்த ஹவுஸ்வூர்ஸ்டெல் தொத்திறைச்சி இரண்டு இணை, பெர்க்கேஸே 300 கிராம். டோப்ஃபன் எனும் புதுப்பாலாடைக்கட்டி 250 கிராமில் இரண்டு சிப்பம், வெண்ணெய் 250 கிராம், புளித்த பாலேடு ஒரு சிறு கிண்ணம். முட்டை ஆறு, வினிகரில் ஊறிய சிறு வெள்ளரிக்காய் ஒரு புட்டி, சிவப்பு முள்ளங்கி ஒரு கட்டு, தக்காளி நான்கு, வெங்காயம் மூன்று, வெங்காயத்தாள் போன்ற மெல்லிய ஷ்னிட்லாவுஹ் ஒரு கட்டு. க்ரென், அதாவது ஹார்ஸ்ரேடிஷ் எனும் காரமான வேர், ஒரு சாண். கம்பு ரொட்டி ஒரு கிலோ. இங்கே நான் கம்பு என்பது நம் ஊர்ச் சிறுதானியத்தை அன்று, ரை எனும் குளிர்நிலத் தானியத்தை என்பதால் இனி ரை என்றே எழுதுகிறேன். இவற்றோடு உலர்ந்த கேஃபர்போனன் அவரை 250 கிராமும் பூசணி விதை எண்ணெய் ஒரு சிறு புட்டியும் வேண்டும்.

இறைச்சிக் கவுண்டரில் கிராம் கணக்கை விட டேக்கா கணக்கே அதிகம் புழங்கும். ஒரு டேக்கா என்பது 10 கிராம். “ஸ்வான்சிக் டேக்கா” என்று கேட்டால் 200 கிராம் வரும். இது தெரியாமல் “இருநூறு” என்று தொடங்கினால் விற்பவர் ஒரு நொடி விழிப்பார். அதைவிட அதிகக் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் ஷ்பெக்கையும் பாலாடைக்கட்டியையும் வெட்டித் தரச் சொல்லிவிடுவது உண்மையான பிழை. இயந்திரத்தில் வெட்டிய துண்டுகள் காகிதத்துக்குள் ஒன்றோடொன்று ஒட்டி, மறுநாள் பிரிக்கும்போது கிழியும். ஓரங்கள் காய்ந்து கறுக்கும். “அம் ஷ்ட்யூக்”, அதாவது முழுத் துண்டாக, என்று கேட்டு வாங்கி வீட்டில் வெட்ட வேண்டும்.

இரண்டு மசாலாக்களில் நம்மவர்கள் தவறாமல் சறுக்குகிறார்கள். முதலாவது க்யூம்மெல். அகராதியிலோ வடிவத்திலோ பார்த்துச் சீரகம் என்று முடிவுகட்டி, வீட்டிலிருக்கும் சீரகத்தைப் பொடித்துப் போட்டுவிடுவார்கள். க்யூம்மெல் என்பது காரவே விதை. சீரகத்துக்கு இங்கே க்ரொய்ட்ஸ்க்யூம்மெல் என்று வேறு பெயர். சீரகம் ஒரு சிட்டிகை விழுந்தாலும் கலவை ரசத்தை நினைவூட்டத் தொடங்கிவிடும். இரண்டாவது பாப்ரிகா. சிப்பத்தில் எடெல்ஸ்யூஸ் என்று அச்சிட்ட இனிப்பு வகையே வேண்டும். மிளகாய்த்தூள் நிறத்தைத் தரும். ஆனால் நிறம் வரும் அளவுக்குப் போட்டால் உண்ண இயலாது.

3. பலகையைத் தயார் செய்தல்

பீச் அல்லது மேப்பிள் போன்ற கெட்டி மரப் பலகை, ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் நீளமும் 30 அகலமும் உடையது, ஆறு பேருக்குப் போதும். அத்துடன் ஆளுக்கொரு சிறு பலகையும் கூரிய சிறு கத்தியும் வைக்க வேண்டும்; பீங்கான் தட்டில் வெட்டினால் கத்தி மழுங்கும், காதும் கூசும்.

பயன்படுத்துவதற்குச் சற்று முன் பலகையின் இரு பக்கங்களையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மேல்நீரை ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் சற்றே ஏறிய மரம் கொழுப்பையும் பாப்ரிகாவின் சிவப்பையும் உள்ளே இழுப்பதில்லை. ஒரு பக்கத்தை மட்டும் நனைத்தால் அந்தப் பக்கம் உப்பி, பலகை கிண்ணம்போல் வளையும். மேசையில் ஆடும் பலகையில் ஒருவரும் வெட்ட முடியாது.

புதுப் பலகைக்கு எண்ணெய் பூசுவதானால் ஒரு வாரத்துக்கு முன்பே பூச வேண்டும். அதற்கு உணவுத் தரமான ஆளிவிதை எண்ணெயே ஏற்றது, ஏனெனில் அது காற்றில் இறுகி உலரும். சூரியகாந்தி எண்ணெய் உலராமல் நின்று சிக்குவாடை அடிக்கும். பூசிய துணியை மட்டும் சுருட்டிப் போட்டுவிடக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் உலரும்போது வெப்பம் வெளிப்படும். சுருண்ட துணிக்குள் அந்த வெப்பம் சேர்ந்து தானாகவே தீப்பற்றக் கூடும். துணியை விரித்து வெளியே காயவைக்க வேண்டும்.

4. வெள்ளி இரவும் சனிக்கிழமையும்: அவரை, வறுவல்

கேஃபர்போனன் என்பது ஊதாவும் கறுப்புமாகப் புள்ளியிட்ட, கட்டைவிரல் நகத்தளவுள்ள பெரிய அவரை. வெள்ளி இரவு 12 மணி நேரமாவது ஊறும்படி நிறையத் தண்ணீரில் போட வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவைத்து, பின்பு தணலைக் குறைத்து, ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வேகவைக்க வேண்டும். வேகாத அவரையில் வயிற்றைக் கலக்கும் நச்சுப் புரதம் உண்டு. கொதிநிலையே அதை அழிக்கும். எனவே கடித்துப் பார்க்கும்போது நடுவில் மாவுக்கட்டி இருந்தால் இறக்கக் கூடாது. உப்பைக் கடைசியில் போட்டால் போதும்.

வடித்த அவரை சூடாக இருக்கும்போதே மூன்று மேசைக்கரண்டி ஆப்பிள் வினிகரும் உப்பும் மிளகும் சேர்த்துப் புரட்ட வேண்டும். சூடான அவரை புளிப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும். எண்ணெயை இப்போது ஊற்றினால் அது தோலைச் சுற்றிப் படலமாகி வினிகரை உள்ளே விடாது. ஆகவே பூசணி விதை எண்ணெயும் வெங்காயமும் ஞாயிறு மதியத்துக்குத்தான். “எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் என்ன?” என்று கேட்ட நண்பர் ஒருவர் இரண்டு கிண்ணங்களாகச் செய்து பார்த்தார், எண்ணெயை முதலில் ஊற்றிய கிண்ணத்தில் மறுநாளும் அவரை உள்ளே சப்பென்றும், புளிப்பெல்லாம் கிண்ணத்தின் அடியிலும் இருந்தது.

ஷ்வைன்ஸ்பிராட்டன் எனும் பன்றி வறுவலைச் சனி மதியம் முடித்துவிட வேண்டும். கழுத்துப் பகுதியின் மேல் நசுக்கிய பூண்டு நான்கு பல், இரண்டு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி க்யூம்மெல், மிளகு ஆகியவற்றைத் தேய்த்து ஒரு மணி நேரம் வைத்து, அடியில் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றிய தட்டில், 180 பாகை வெப்பத்தில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வேகவிட வேண்டும். உள்ளே வெப்பமானியைச் செருகிப் பார்த்தால் 75 பாகையைத் தாண்டியிருக்க வேண்டும்.

தோல் உள்ள துண்டை ஏன் வாங்கவில்லை என்ற கேள்வி எழலாம். சூடாக உண்ணும் வறுவலில் மொறுமொறுத்த தோலே சிறப்பு. ஆனால் ஓரிரவு குளிரில் இருந்தபின் அது செருப்புத் தோலாகிவிடும். வறுவலை வெளியே ஒரு மணி நேரம் ஆறவிட்டு, காகிதத்தில் சுற்றிக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். சூடாக வெட்டினால் சாறு வழிந்து துண்டு உதிரும். ஓரிரவு குளிர்ந்தபின் கொழுப்பும் சாறும் இறுகி, 3 மில்லிமீட்டர் தடிமனில் ஒழுங்காக வெட்ட வரும்.

5. ரொட்டியில் தடவும் கலவைகள்

புதியவர்கள் எளிதென்று கருதும் இந்தப் பகுதியில்தான் பிழைகள் மிகுதி. மூன்று கலவைகள் போதும்: லிப்டவுவர், பூசணி விதைக் கலவை, ஃபெர்ஹாக்கர்டெஸ். நான்காவதாக முட்டைக் கலவை செய்வோர் உண்டு. பலகையிலேயே முட்டை இருக்கையில் அது மிகை என்பது என் கருத்து. மூன்றாவதான ஃபெர்ஹாக்கர்டெஸ் என்பது புகையூட்டிய கொழுப்பிறைச்சியைப் பொடியாக அரைத்துப் பூண்டு சேர்த்தது. அதை வீட்டில் செய்ய இறைச்சி அரைக்கும் இயந்திரமும் பழக்கமும் வேண்டும் என்பதால், சந்தையில் 150 கிராம் வாங்கிவிடுவது நல்லது.

லிப்டவுவருக்கு 250 கிராம் டோப்ஃபனை மெல்லிய துணியில் கட்டி இரண்டு மணி நேரம் தொங்கவிட வேண்டும். சிப்பத்திலிருந்து அப்படியே எடுத்தால் அதிலுள்ள மோர்நீர் மறுநாள் கலவையின் மேல் குளமாக நிற்கும். 100 கிராம் வெண்ணெயைச் சமையலறையிலேயே வைத்து, விரலால் அழுத்தினால் குழியும் அளவுக்கு இளகவிட வேண்டும், உருக்கக் கூடாது.

இளகிய வெண்ணெயை மட்டும் முதலில் வெளுக்கும்வரை அடித்து, அதில் ஒரு மேசைக்கரண்டி இனிப்பு பாப்ரிகாவைச் சேர்க்க வேண்டும். பாப்ரிகாவின் சிவப்பு கொழுப்பில் கரைவது. வெண்ணெயில் முதலில் கலந்தால் கலவை முழுவதும் ஒரே ஆரஞ்சு நிறம் பரவும். டோப்ஃபனோடு கடைசியில் தூவினால் திட்டுத்திட்டாக நிற்கும். அதன்பின் டோப்ஃபனை ஒவ்வொரு கரண்டியாகச் சேர்த்து அடிக்க வேண்டும். டோப்ஃபனும் ஏறக்குறைய அறை வெப்பத்தில் இருப்பது முக்கியம். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு முழுவதையும் கொட்டினால் வெண்ணெய் கணத்தில் உறைந்து கடுகளவு மணிகளாகத் திரிந்துவிடும். அப்படி ஆகிவிட்டால் எறிய வேண்டாம். கிண்ணத்தை வெதுவெதுப்பான தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் ஒரு நிமிடம் பிடித்து மீண்டும் அடித்தால் கூடிவரும்.

இனி அரைத் தேக்கரண்டி க்யூம்மெல் பொடி, ஒரு தேக்கரண்டி கடுகு விழுது, பொடியாக நறுக்கிய ஊறிய வெள்ளரிக்காய் ஒன்று, கேப்பர் மொட்டு ஒரு தேக்கரண்டி, மிளகு ஆகியவற்றைச் சேர்த்து ஓரிரவு மூடி வைக்க வேண்டும். மசாலாவின் மணம் கொழுப்பில் இறங்க அத்தனை நேரம் பிடிக்கும். உப்பை மறுநாள் சுவைத்துப் பார்த்துச் சேர்ப்பதே முறை. கேப்பரிலும் வெள்ளரியிலும் உள்ள உப்பு இரவில் வெளியே வந்திருக்கும். வெங்காயமும் மறுநாளைக்கே. நறுக்கிய வெங்காயம் ஓரிரவு கிடந்தால் கசந்து, மூடியைத் திறக்கும்போதே வாடை எழும். சிலர் இதில் நெத்திலி விழுதும் சேர்ப்பார்கள். கடையில் ஆயத்தமாக வாங்கினால் சைவ விருந்தினருக்காகச் சிப்பத்தைப் படித்துவிட வேண்டும்.

பூசணி விதைக் கலவைக்கு 50 கிராம் விதையை வெறும் வாணலியில் மிதமான தீயில், ஒன்றிரண்டு வெடிக்கத் தொடங்கும்வரை வறுத்து, முழுவதும் ஆறியபின் கரகரப்பாகப் பொடிக்க வேண்டும். சூடாகச் சேர்த்தால் டோப்ஃபன் இளகும். நெடுநேரம் அரைத்தால் எண்ணெய் பிரிந்து சாம்பல் பச்சைப் பசையாகும். நீர் வடித்த 250 கிராம் டோப்ஃபனில் இரண்டு கரண்டி புளித்த பாலேடு, அரைப் பல் பூண்டு, உப்பு, பொடித்த விதை ஆகியவற்றைச் சேர்த்து, இறுதியில் ஒன்றரை மேசைக்கரண்டி பூசணி விதை எண்ணெயை ஊற்றிக் கலக்க வேண்டும். புட்டியில் கரும்பச்சையாகத் தெரியும் அந்த எண்ணெய் டோப்ஃபனில் விழுந்ததும் இளம்பச்சைக் கோடுகளாக விரியும். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ விதை செல்வதால் விலை அதிகம். அதனால் மலிவுப் புட்டிகளில் வேறு எண்ணெய் கலந்திருப்பதுண்டு. ஷ்டையர்மார்க்கின் புவிசார் குறியீட்டு முத்திரை உள்ளதையே நான் வாங்குகிறேன். வறுத்த விதையிலிருந்து பிழியப்படுவதால் இதை அடுப்பில் வைத்துச் சுடவைக்கக் கூடாது; கசந்துவிடும்.

6. ரொட்டி

பவர்ன்ப்ரோட் எனும் நாட்டு ரொட்டி ரை மாவைப் புளிக்கவைத்துச் சுடுவது; பெரும்பாலும் காரவே, பெருஞ்சீரகம், கொத்தமல்லி விதை ஆகியவை அதில் இருக்கும். சுட்ட அன்றே வாங்கி அன்றே வெட்டினால் உட்பகுதி கத்தியில் பிசுபிசுவென்று ஒட்டும், ஏனெனில் ரை மாவின் ஈரம் பரவி நிலைகொள்ள அரை நாளாவது ஆகும். சனிக்கிழமை வாங்கியது ஞாயிற்றுக்குச் சரியாக இருக்கும். துணியில் சுற்றி வெளியே வைக்க வேண்டும். நெகிழிப் பையில் மேல்தோல் நைந்துவிடும்; குளிர்பதனப் பெட்டியிலோ ரொட்டி விரைவில் தடித்துப் பழசாகும்.

ஒரு சென்டிமீட்டர் தடிமனில், பரிமாறுவதற்குக் கால்மணி முன்பு வெட்டிக் கூடையில் வைக்க வேண்டும். பலகையில் ரொட்டிக்கு இடமில்லை. அது அடியிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும். போதாதற்கு இறைச்சியின் இடத்தையும் அடைக்கும்.

7. ஞாயிறு முற்பகல்

முட்டையைக் கொதிக்கும் நீரில் 10 நிமிடம் வேகவைத்து உடனே குளிர்நீரில் போட வேண்டும். நேரம் கூடினால் வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சள்கருவின் இரும்பும் சேர்ந்து சாம்பல் பச்சை வளையம் தோன்றும். ஒரு வாரப் பழைய முட்டையே உரிக்க வரும். அன்று இட்ட முட்டையை உரித்தால் பாதி வெள்ளைக்கரு ஓட்டோடு போகும். உரித்தபின் முழுதாக மூடி வைத்து, அடுக்கும்போது மட்டும் பிளக்க வேண்டும்.

லிப்டவுவரில் மிகப் பொடியாக நறுக்கிய சிறு வெங்காயம் ஒன்றைச் சேர்த்து உப்புப் பார்த்துவிட வேண்டும். அவரையில் வெங்காய வளையங்களையும் மூன்று மேசைக்கரண்டி பூசணி விதை எண்ணெயையும் சேர்க்கலாம். முள்ளங்கியைக் கழுவித் துடைத்து வைப்பதோடு நிறுத்த வேண்டும். இப்போதே நறுக்கி உப்பிட்டால் நான்கு மணிக்குள் தன் எடையில் பாதியைத் தண்ணீராக விட்டதுபோல் கிடக்கும்.

அடுத்தது, எல்லோரும் மறக்கும் வேலை. வெள்ளரிக்காய்களைப் புட்டியிலிருந்து எடுத்து வடிதட்டில் அரை மணி நேரம் வைத்து, காகிதத்தால் ஒவ்வொன்றாக ஒற்ற வேண்டும். என் முதல் பலகையில் நான் இதைச் செய்யவில்லை. மதியம் இரண்டு மணிக்கே எல்லாவற்றையும் அழகாக அடுக்கி மூடிவிட்டு நிம்மதியாக இருந்தேன். நான்கு மணிக்கு மூடியை எடுத்தபோது வினிகர் நீர் பலகையின் சரிவில் ஓடி, ஷ்பெக் துண்டுகளின் அடிப்பக்கம் வெளுத்துப் போயிருந்தது. பாலாடைக்கட்டி வெள்ளரியாக மணத்தது. ஈரமான பொருளும் உப்பிட்ட பொருளும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மணி நேரம் இருக்கக் கூடாது என்பதை அன்று கற்றேன்.

8. வெட்டுதல்: மூன்று மணி முதல்

குளிராக இருக்கும்போது வெட்ட வேண்டும். குளிர் தணிந்தபின் உண்ண வேண்டும். இதற்கு ஏற்றபடி மூன்று மணிக்கு வெட்டத் தொடங்கினால், வெட்டியவை பரிமாறும் நேரத்துக்குள் இளகும். பெட்டியிலிருந்து நேராக மேசைக்கு வந்த ஷ்பெக்கின் கொழுப்பு மெழுகுபோல் நாக்கில் நிற்கும், மணமே வராது.

ஷ்பெக்கின் தோலையும் புகைபடிந்த கடின ஓரத்தையும் முதலில் சீவிவிட வேண்டும். தோலை முழுதாக உரித்துவிடாமல், வெட்டப் போகும் நீளத்துக்கு மட்டும் சீவினால் மீதித் துண்டு காயாது. பிறகு தசைநாருக்குக் குறுக்கே, ஒளி ஊடுருவும் அளவு மெல்லியதாக வெட்ட வேண்டும். நாரின் போக்கிலேயே வெட்டுவது மிகப் பொதுவான பிழை. அப்படி வெட்டிய துண்டு எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் பல்லில் இழுபடும். கத்தி வழுக்கினால் துண்டை 20 நிமிடம் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் எளிதாகும்.

வறுவலையும் கெஸெல்ஹ்டஸையும் 3 மில்லிமீட்டர் தடிமனில் வெட்டலாம். ஹவுஸ்வூர்ஸ்டெலைச் சாய்வாகத் தடித்த துண்டுகளாக வெட்ட வேண்டும். அது மென்று உண்பதற்கானது. ஒன்றை வெட்டாமல் முழுதாகவே வைத்தால் விருந்தினர் தம் கத்தியால் வெட்டிக்கொள்வார்கள். பாலாடைக்கட்டியின் புறத்தோலை ஒரு பக்கம் விட்டு விரல் தடிமனுக்கு வெட்ட வேண்டும். மெல்லிய தகடுகளாக வெட்டினால் அறை வெப்பத்தில் வியர்த்துச் சுருளும்.

9. அடுக்குதல்: மூன்றரை மணி

ஷ்டையர்மார்க்கின் திராட்சைத் தோட்ட உணவகங்களான புஷன்ஷாங்க்குகளில் குளிர்ந்த உணவு மட்டுமே பரிமாறச் சட்டம் இடம் தருகிறது. அங்கே ஒரு பலகை சில நிமிடங்களில் அடுக்கப்படுவதை நின்று பார்த்தால் ஒரு வரிசை புலப்படும்: முதலில் கிண்ணங்கள், அடுத்து இறைச்சி, பின்பு பாலாடைக்கட்டி, கடைசியில் ஈரமானவை. நாமும் அப்படியே செய்யலாம்.

மூன்று கலவைகளையும் சிறு கிண்ணங்களில் இட்டு முக்கோணமாக வைக்க வேண்டும். இதனால் எந்தப் பக்கம் அமர்ந்தவருக்கும் ஒரு கிண்ணமாவது கையெட்டும் தூரத்தில் இருக்கும். கலவையை உருண்டையாக நேரே பலகையில் வைப்பதும் வழக்கம்தான். ஆறு கத்திகள் பாயும்போது அது எங்கும் பரவிவிடும் என்பதால் நான் கிண்ணத்தையே நாடுகிறேன். அவரைச் சாலட் எண்ணெய் வழிவது, ஆதலால் அதன் கிண்ணம் பலகைக்கு வெளியே நிற்க வேண்டும்.

வறுவல் துண்டுகளை நடுவில் ஒன்றன்மேல் ஒன்று சற்றே விலகப் படியவைத்து, ஷ்பெக்கைத் தளர்வாக மடித்து அதன் பக்கத்தில் வைக்க வேண்டும். தட்டையாகப் பரப்பிய ஷ்பெக் பலகையில் ஒட்டிக்கொள்ளும். மடித்ததை ஒரே இழுப்பில் எடுக்கலாம். பாலாடைக்கட்டியை எதிர்மூலையில் வைக்க வேண்டும். முட்டையை ஈரக் கத்தியால் பிளந்தால் மஞ்சள்கரு கத்தியில் ஒட்டாது. தக்காளியை நான்காகப் பிளந்து விதைச்சாற்றை உதறி, வெட்டிய பக்கம் மேல்நோக்கி இருக்கும்படி வைக்க வேண்டும். வெள்ளரியும் முள்ளங்கியும் ஓரங்களில் வரும். ஷ்னிட்லாவுஹைப் பொடியாக அரிந்து முட்டைமேல் மட்டும் தூவினால் போதும்.

பலகையில் மரம் சிறிது தெரிவது நல்லது. இடைவெளி இல்லாமல் நிரப்பினால், முதல் துண்டை எடுப்பவர் பக்கத்திலுள்ள மூன்றைக் கலைப்பார்.

10. க்ரென்: கடைசி ஐந்து நிமிடம்

கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த இந்த வேரை முழுதாக முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. துருவும்போது உயிரணுக்கள் உடைந்து, தனித்தனியே இருந்த இரு பொருள்கள் சேர்ந்த பிறகே காரம் பிறக்கிறது. பிறந்த காரம் கால்மணி நேரத்தில் காற்றோடு போய்விடத் தொடங்கும். ஆகவே விருந்தினர் அமர்ந்தபின்பே துருவ வேண்டும். ஆஸ்திரியர்கள் இதைத் துருவுதல் என்று சொல்வதில்லை, க்ரெனைக் கிழிப்பது என்கிறார்கள். மெல்லிய துருவலில் நீளவாக்கில் இழுத்தால் பஞ்சுபோல் இழைகள் விழும்.

தேவையான நீளத்துக்கு மட்டும் தோல் சீவ வேண்டும். சன்னலைத் திறந்து, முகத்தைச் சற்று விலக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் காரம் நாக்கை விட்டு மூக்கின் உச்சிக்கு ஏறும், வெங்காயத்தால் வராத கண்ணீரும் இதனால் வரும். மிளகாய்க்குப் பழகியவர்கள் “இது என்ன காரம்” என்று ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அரை நிமிடம் அவர்களால் பேச முடிவதில்லை. ஒரு சிட்டிகையை வறுவல் துண்டின் மேல் வைத்து உண்பதே முறை. முன்கூட்டியே துருவுவது தவிர்க்க முடியாதென்றால் சில துளி வினிகர் தெளித்து மூட வேண்டும். புளிப்பு காரத்தை ஓரளவு பிடித்துவைக்கும். புட்டியில் அடைத்து விற்கும் ஆயத்த விழுதுகள் சிலவற்றில் பாலேடு கலந்திருக்கும். அது வேறு பண்டம்.

க்ரெனில் பாதியை வறுவல்மேல் குவித்துவிட்டு மீதியைக் கிண்ணத்தில் வைக்கலாம். குழந்தைகள் இருந்தால் முழுவதும் கிண்ணத்துக்கே போக வேண்டும்.

11. மேசையிலும் அதன் பின்னும்

குடிக்க இங்கே மேற்கு ஷ்டையர்மார்க்கின் இளஞ்சிவப்பு ஷில்ஹர் ஒயினையோ, ஆப்பிள் பேரிக்காய்ச் சாற்றைப் புளிக்கவைத்த மோஸ்டையோ தருவார்கள். மது வேண்டாதவர்களுக்கு ஆப்பிள் சாறும் சோடாவும் சரிபாதி.

வேகவைக்காத இறைச்சியும் பாற்பொருள்களும் மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கோடை வெயிலில் தோட்டத்தில் அமர்ந்தால் ஒரு மணி நேரம். பேச்சு நீளும் என்று தெரிந்தால் பாதியை மட்டும் அடுக்கி, மீதியைப் பெட்டியிலிருந்து பின்னர் நிரப்ப வேண்டும். மேசைக்கு வந்து மிஞ்சிய கலவையை மீண்டும் பெரிய கிண்ணத்தில் சேர்க்காமல் அன்றே முடிக்க வேண்டும். மிஞ்சிய வறுவல் பெட்டியில் மூன்று நாள் தாங்கும்.

பலகையை வெந்நீரில் சிறிது சோப்புடன் இரு பக்கமும் உடனே கழுவி, நிமிர்த்திச் சாய்த்துக் காயவைக்க வேண்டும். தொட்டியில் ஊறவிட்டாலோ பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டாலோ மரம் பிளக்கும். மேசைவிரிப்பில் பூசணி விதை எண்ணெயின் பச்சைக் கறை கட்டாயம் இருக்கும். அதைத் தேய்க்க வேண்டாம். வழக்கம்போல் துவைத்து, ஈரத்தோடு நேர்வெயிலில் போட்டால் அந்தப் பச்சை நிறமி ஒளிபட்டுச் சிதைந்து, மாலைக்குள் வெளுத்துவிடும்.